சம்பந்தியின் புதுத் துவக்கு

சம்பந்தியாக வரப்போகிற வெங்கடாசலம் புதிதாக ஒரு கைத்துவக்கு வாங்கியிருக்கிறார் என்ற செய்தியை மகள் கம்சிகாதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சுடுகழகத்துக்கு வெளியாட்களும் வரலாமாம். எல்லோரும் வரவேண்டுமாம். புதுத் துவக்கில் முதல் வெடியை அப்பாதான் வைக்கவேண்டும் என்று மனுசன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

"அதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் குகதாசன். "கடையை ஆர் பாக்கிறது?"

"வேலைக்கு நிக்கிற சுஜீத் அண்ணா பாப்பார். நான் கேட்டிட்டன்."

"எனக்கு இப்ப உதுகளிலை மனம் இல்லை."

அடுப்படியில் கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டு நின்ற தவநாயகிக்கு மனுசனின் தயக்கம் விளங்கியது. விளங்கியதாக நினைத்தாள். துவக்கைத் தொட்டால் பழசெல்லாம் கிளம்பும், அதுக்குத்தான் பயப்படுகிறார். "அப்பாவைக் கரைச்சல்படுத்தாதை," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். ஆனால் கம்சிகா விடவில்லை. தான் கட்டப்போகிற ரவீனின் அப்பா ஆசைப்பட்டுக் கேட்கிறார், மறுத்தால் என்ன நினைப்பார் என்று இங்கிலிஷிலும் தமிழிலும் மாறிமாறிக் கெஞ்சினாள். மகள் ஒன்றைக் கேட்டு குகதாசன் மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கடைசியில், "சரி, வாறன்," என்றார்.

வெங்கடாசலம் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர். லண்டனுக்குப் படிக்க வந்து, எஞ்சினியராகி, வெம்பிளியில் வீடு வாங்கி, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். மகன் ரவீன் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் மூலைக்கடை வைத்திருக்கிற ஒரு யாழ்ப்பாணத்தாரின் மகளை விரும்புகிறான் என்று தெரிந்தபோது முதலில் அவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு யாரோ அவரிடம் சொன்னார்கள், அந்தக் கடைக்காரர் சும்மா ஆள் இல்லை, ஊரில் இயக்கத்தோடு பூநகரிச் சண்டையில் நின்றவர் என்று. அன்றைக்கு மாறினவர்தான். அடுத்த கிழமையே பழத்தட்டோடு மிச்சத்துக்கு வந்து, குகதாசனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நாங்கல்லாம் புத்தகம் படிச்சோம், டிவி பாத்தோம். நீங்க நின்னீங்க," என்று கண் கலங்கினார்.

குகதாசனை மிச்சத்தில் பூநகரிக் குகன் என்றுதான் சொல்வார்கள். அவர் தானாக வாய் திறந்து பெருமை அடிக்கிற ஆள் இல்லை. யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "அதை விடுங்கோ," என்பார். அந்த விடுங்கோவிலேயே சனம் கூடுதலாக நம்பியது. கார்த்திகை மாத அஞ்சலிக் கூட்டங்களில் அவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை எப்போதும் இருந்தது.

தவநாயகி அவரைக் கட்டியதும் அதனால்தான். அவளுடைய அண்ணை ஞானேஸ்வரன் பூநகரியில் செத்தவர். உடல் வரவில்லை. பெட்டி வந்தது, திறக்கவேண்டாம் என்று சொல்லி. தாய் அந்தப் பெட்டியின் மூடியில் நெற்றியை மோதி மோதி அழுதது தவநாயகிக்கு இன்றைக்கும் காதில் கேட்கும். யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு தாயும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தபோது இரண்டு சம்பந்தங்கள் வந்தன. ஒன்று கனடாவில் ஒரு எஞ்சினியர். மற்றது லண்டனில் ஒரு கடையில் வேலை செய்கிற குகதாசன். எஞ்சினியர் என்றே முடிவாகியிருந்த நேரத்தில் குகதாசனோடு தாய் ஒருமுறை போனில் கதைத்தாள். கதைத்து முடித்தபோது அவளுடைய முகம் வேறு முகமாக இருந்தது.

"அந்தத் தம்பி அண்ணையோடை நிண்டதாம்," என்றாள். "கடைசி நேரத்திலை தலையை மடியிலை வைச்சிருந்ததாம். வேதனைப்படேல்லையாம் பிள்ளை. நித்திரை மாதிரிப் போனவனாம்."

அதற்குப் பிறகு கனடாவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

கலியாணத்துக்குப் பின்னும் ஒவ்வொரு திவசத்துக்கும் தாய் கொழும்பிலிருந்து போன் எடுத்து மருமகனை அந்தக் கதையைச் சொல்லச் சொல்வாள். குகதாசன் சொல்வார். வருசா வருசம் அது கொஞ்சம் வளர்ந்தது. ஒரு வருசம் நிலவு வந்தது. இன்னொரு வருசம், "அம்மாவை அழவேண்டாம் எண்டு சொல்லு மச்சான்," என்று அண்ணை சொன்னது வந்தது. பிறகு, "தங்கச்சி நல்லாய் இருக்கவேணும்," வந்தது. நல்ல மனுசன், நோவோடு புதைத்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார் என்று தவநாயகி எண்ணிக்கொண்டாள். தாய் சாகும்போதும் அந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டுதான் செத்தாள்.

ஞாயிறு மத்தியானம் மழை தூறியது. வெம்பிளிக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டி, பழைய பண்டகசாலை போன்ற செங்கல் கட்டடம் ஒன்றில் அந்தக் கழகம் இருந்தது. வாசலில் ரவீனும் கம்சிகாவும் நின்றார்கள். உள்ளே எட்வேட் என்ற முதிய வெள்ளைக்காரர் ஒவ்வொருவருக்கும் காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கொடுத்தார். சுடும் வரிசைக்கு அவர்தான் பொறுப்பு. அவர் சொல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது.

வெங்கடாசலம் பெட்டியைத் திறந்து காட்டினார். நீளமான குழல், பிடிக்குப் பின்னால் வால்போல ஒரு இரும்புக் கம்பி.

"பாக்க அசிங்கமாத்தான் இருக்கும்," என்று சிரித்தார். "இந்த நாட்டுல சாதாரண கைத்துப்பாக்கி வச்சுக்க முடியாது, தடை. அதான் சட்டத்துக்கு ஏத்த மாதிரி குழல நீட்டி, வாலும் வச்சு செஞ்சிருக்கான். சின்ன தோட்டா. பூ மாதிரி இருக்கும், அதிராது. உங்களுக்கெல்லாம் இது விளையாட்டு சாமான் சம்பந்தி. வாங்க, நீங்கதான் மொதல்ல."

எட்வேட் மகசீனைப் போட்டு, துவக்கை மேசையில் இலக்கைப் பார்க்க வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். குகதாசன் முன்னுக்குப் போனார். பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தவநாயகி நின்றாள். மனதுக்குள் அம்மாளாச்சியைக் கூப்பிட்டாள், இந்த மனுசனுக்கு நெஞ்சு தாங்கவேண்டும் என்று.

குகதாசன் துவக்கை எடுத்தார். எடுத்த கையோடு விரல் நேரே விசைக்குள் போனது.

தவநாயகி அந்த விரலையே பார்த்தாள். இடப்பெயர்வுக்கு முந்திய வருசம் ஊரில் இளசுகள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சிக்குப் போகவேண்டியிருந்தது. மூன்று கிழமைதான். முதலில் மரத்துவக்கு, கடைசி நாட்களில் மெய்யானது. விரலை உள்ளே வைத்ததற்காக அந்தப் பயிற்சிக்காரப் பிள்ளை இவளுடைய விரல் மூட்டில் தடியால் போட்ட அடி இன்றைக்கும் நினைவில் இருந்தது. குறி வைக்கும்வரை விரல் வெளியில். முதல் நாள் சொல்லித்தந்த முதல் பாடம் அது.

மறந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குகதாசன் துவக்கை இப்படியும் அப்படியும் புரட்டினார். எதையோ தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அதன் வாயைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி, ஒரு கண்ணைச் சுருக்கி, போத்தலுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

எட்வேட் கத்திய கத்தல் காது மூடிக்குள்ளும் கேட்டது. பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் குழலை இலக்குப் பக்கம் தள்ளினார். ஏதோ காட்டிக் கொடுத்தார், இதுதான் பூட்டு, இப்படித் தள்ளவேண்டும் என்று. குகதாசன் தலையாட்டினார். கை நடுங்கியது. நீட்டினார். இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தையும் ஒரு பக்கம் திருப்பி, விசையை இழுத்தார். வெடிச் சத்தத்துக்குத் தோள் இரண்டும் காது வரை ஏறின. இலக்குத் தாளில் ஒரு கீறலும் இல்லை. துவக்கை மேசையில் போட்டதுபோல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்தார்.

கம்சிகா அழத் தொடங்கிவிட்டாள். வெங்கடாசலம் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

"என் தப்பு சம்பந்தி, என் தப்பு. மனுஷன் மனசுல என்னென்ன கெடக்கோ, நா பாட்டுக்குக் கூட்டியாந்து... மன்னிச்சிடுங்க." பிறகு எட்வேட்டிடம் திரும்பி இங்கிலிஷில் மெதுவாக, "இவர் போர்க்களத்தில் இருந்தவர். அவரால் முடியவில்லை," என்றார். எட்வேட்டின் கோபம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. குகதாசனுக்கு முன்னால் நின்று, தலையைச் சற்றுத் தாழ்த்தி, கை கொடுத்தார்.

குகதாசன் அந்தக் கையை வாங்கிக் குலுக்கினார். தவநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒருதரம் இவள் பக்கம் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

பிள்ளைகள் ரவீனின் காரில் போனார்கள். இவர்கள் தங்களுடைய காரில் ஏறி நோர்த் சேர்க்குலர் பெருந்தெருவுக்கு வந்தார்கள். கண்ணாடித் துடைப்பான் போய்ப்போய் வந்தது.

"உங்களுக்கு அங்கை என்ன துவக்குத் தந்தவை?" என்று தவநாயகி கேட்டாள்.

"என்ன இப்ப?"

"கேக்கிறன். சொல்லுங்கோ."

"உமக்குத் தெரியும்தானே. முதல் ஏகே. பிறகு பிஸ்டல்."

"இடுப்பிலை பிஸ்டல் வைச்சிருந்த ஆள் அதின்ரை வாய்க்குள்ளை எட்டிப் பாப்பாரோ?"

"முப்பது வருசமாச்சப்பா. கை மறந்திடும்."

"நான் மூண்டு கிழமைதான் தொட்டனான். எனக்கு மறக்கேல்லை."

அவர் கொஞ்ச தூரம் போய், ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பி, டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பாட்டினார். எஞ்சினை நூர்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"கம்சிக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார்.

அவ்வளவுதான். இல்லை என்றும் சொல்லவில்லை, மன்னித்துக்கொள் என்றும் சொல்லவில்லை. இருபத்தேழு வருசச் சீவியம் அந்த ஒரு வசனத்தில் சரிந்து விழுந்தது.

"அப்ப எங்கை நிண்டனீங்கள்?"

"சுன்னாகத்திலை. பேக்கரியிலை மாக் குழைச்சனான். இஞ்சை வந்த புதிசிலை அகதிக் கேஸ் எழுதேக்கை நான் உண்மையைத்தான் சொன்னனான். ஐயா ஷெல் விழுந்து செத்தது, பேக்கரி எரிஞ்சது, ஆமி பிடிச்சுக்கொண்டுபோய் அடிச்சது. மொழிபெயர்க்க வந்தவன் சொன்னான், 'அண்ணை, இது எல்லாருக்கும் நடந்ததுதானே, இதுக்கு விசா தரமாட்டாங்கள்' எண்டு. அவன்தான் பூநகரிக் கதையைச் சொல்லித்தந்தவன். நான் பாடமாக்கினனான். அங்கை ஒண்டு சொல்லிப்போட்டு வெளியிலை வேறை சொல்ல ஏலுமே? ஆராவது போட்டுக் குடுத்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். பிறகு சனம் மதிக்கத் தொடங்கீட்டுது. பிறகு... என்னண்டு நிப்பாட்டுறது?"

"அது நீங்கள் பிழைக்கிறதுக்குச் சொன்ன பொய். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை அண்ணையை ஏன் எடுத்தனீங்கள்?"

"நான் எடுக்கேல்லை. கொம்மாதான் தந்தவ."

தவநாயகி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போனிலை அவதான் கேட்டவ. 'தம்பி பூநகரியிலை நிண்டனீங்களாம்?' ஓம் எண்டன். 'அப்ப என்ரை ஞானேஸ்வரனைக் கண்டிருப்பியளே' எண்டா. அவ அந்தப் பக்கம் அழுதுகொண்டு நிக்கிறா. இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. 'நெஞ்சிலையே பட்டது?' ஓம். 'தண்ணி கேட்டவனே?' ஓம். 'நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்களே?' ஓம். 'வேதனைப்பட்டவனே தம்பி?' இல்லையம்மா எண்டன். எல்லாம் அவவே கேட்டா. நான் ஓம் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"என்னை நல்லாய் இருக்கச் சொன்னது?"

குகதாசன் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தார். "அது நான்தான். உமக்கு ஆறுதலாய் இருக்கும் எண்டு."

லொறி ஒன்று வந்து இவர்களுக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. காற்றடிக்க அவனுக்கு இடம் வேண்டும். குகதாசன் அசையவில்லை.

"அப்ப அண்ணை என்னமாதிரிச் செத்தவர்?" என்றாள் தவநாயகி.

"எனக்கு எப்பிடியப்பா தெரியும்?"

அவள் அழவில்லை. அழுகை வந்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும். அண்ணையின் பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து தாய்க்கும் இவளுக்கும் நெஞ்சில் கிடந்த கேள்வியை இந்த மனுசன் ஒரு போனில் மூடியிருந்தார். மூடியதற்குக் கூலியாக இவளைக் கட்டியிருந்தார். இப்போது அது திரும்பத் திறந்து கிடந்தது. எரிந்தாரா, தண்ணிக்குள் அமிழ்ந்தாரா, ஒரு இரவு முழுக்கக் கத்திக் கத்திக் கிடந்தாரா, பக்கத்தில் ஒரு மனுசக் குஞ்சாவது இருந்ததா? இனிச் சொல்ல ஆள் இல்லை. வாழ்நாளில் எப்போதாவது உண்மையாக நின்ற ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். முன்னெல்லாம் லண்டனிலேயே அப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது என்று இவள் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அதைவிடக் கொடுமை பிறகுதான் தெரிந்தது. அடுத்து வந்த நாட்களில் அண்ணையின் குரலை நினைத்துப் பார்த்தாள். சின்னவயசில் சைக்கிளில் வைத்துக்கொண்டு போகும்போது என்ன கதைத்தார், சண்டை பிடித்தால் என்ன சொல்லித் திட்டுவார் என்று தேடினாள். ஒன்றும் வரவில்லை. "தங்கச்சி நல்லாய் இருக்கவேணும்" என்பது மட்டும் வந்தது, அச்சொட்டாக அண்ணையின் குரலில். அவர் ஒருநாளும் சொல்லாத வசனம். அதைத் தள்ளிவிட்டு அப்பால் போக அவளால் முடியவில்லை.

வீட்டில் எல்லாம் வழமைபோல நடந்தது. சமைத்தாள். கடைக்கும் போய் நின்றாள். குகதாசனோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். அவர் முதல் இரண்டு மூன்று நாள் பயந்து பயந்து நடந்தார். இவள் ஒருவருக்கும் வாய் திறக்கமாட்டாள் என்று கண்டதும் மெல்ல மெல்லப் பழையபடி ஆனார். சுடுகழகத்தில் நடந்தது எப்படியோ ஊருக்குள் பரவியிருந்தது. கோயிலில் சனம் அவரைப் பார்த்து, "உடம்பைப் பாருங்கோ அண்ணை," என்று கரிசனையாகக் கேட்டது. "அதை விடுங்கோ," என்றார் அவர்.

கலியாண மண்டபம் பேசி முடித்த கிழமை வெங்கடாசலத்தையும் அவருடைய மனைவி ரதியையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர முன்னம் கம்சிகா மேசைக்கு விரிப்புப் போட்டுக்கொண்டே ஒரு யோசனை சொன்னாள். மண்டபத்தில் முன்வரிசையில் ஞானேஸ்வரன் மாமாவுக்கு ஒரு கதிரை, அதில் அவருடைய படம், ஒரு மாலை. எல்லோரும் எழும்பி நிற்பார்கள். அப்பா மைக்கில் மாமாவின் கடைசி நேரத்தைச் சொல்லவேண்டும். ரவீனின் அப்பா இங்கிலிஷில் மொழிபெயர்ப்பார்.

குகதாசன் தண்ணீர்க் கிளாசுகளை அடுக்கிக்கொண்டு நின்றார். தவநாயகி அவரையே பார்த்தாள். வேண்டாம் பிள்ளை என்று ஒரு சொல் சொல்லட்டும் என்று பார்த்தாள்.

"நல்ல யோசனைதான்," என்றார் அவர், கிளாசைப் பார்த்தபடி.

"படம் வை," என்றாள் தவநாயகி. "மாலையும் போடு. கதை வேண்டாம்."

"ஏன் அம்மா?"

"மாமா என்னமாதிரிச் செத்தவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்பாவுக்குத் தெரியும்தானே."

"அப்பாவுக்கும் தெரியாது."

கம்சிகா விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். குகதாசனின் கண் நிரம்பியது. அது பயத்தில் நிரம்பியது என்பது தவநாயகிக்கு மட்டும் தெரிந்தது.

"நீங்கள் ஏன் இப்பிடி இருக்கிறீங்கள்?" என்றாள் கம்சிகா. "அண்டைக்கு அங்கை அப்பா நடுங்கினதை நீங்களும்தானே பாத்தனீங்கள்? எல்லாரும் அழுதம். நீங்கள் மட்டும் கல்லு மாதிரி நிண்டனீங்கள். அங்கையிருந்து வந்த நாள் தொடக்கம் அப்பாவோடை முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. அவர் எவ்வளவைத் தாங்கிக்கொண்டு இருக்கிறார் எண்டு உங்களுக்கு விளங்குதா?"

போய்த் தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தவநாயகி காத்திருந்தாள். மகளின் தலைக்கு மேலால் அவருடைய கண்கள் இவளைச் சந்தித்தன. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. அம்மா சொல்வது சரி என்றால் போதும். மிச்சத்தை அவள் விழுங்கிக்கொள்வாள்.

குகதாசன் மகளின் முதுகைத் தடவினார்.

"அம்மாவை ஒண்டும் சொல்லாதை பிள்ளை," என்றார் தழுதழுத்த குரலில். "அண்ணையை இழந்தவ. அவவுக்கும் நோ இருக்கும்தானே. நாங்கள்தான் விட்டுக்குடுத்து நடக்கவேணும்."

கம்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தகப்பனின் தோளிலிருந்து தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் போய், மெல்லிய இரக்கம் ஒன்று வந்திருந்தது. தவநாயகிக்குக் கோபமே மேல் என்று பட்டது.

வெளியில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "அவை வந்திட்டினம்," என்று சொல்லிக் கம்சிகா கதவைத் திறக்கப் போனாள். தவநாயகி அடுப்படிக்குள் போய், கறிச்சட்டியின் மூடியைத் திறந்து, உப்புப் பார்த்தாள். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.